நல்ல பெடல்தான், நமக்கு ஒத்துவரவில்லை



பங்குனி பிறந்துவிட்டது. ஈரோட்டில் மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டி, கம்பம் நட்டு, மஞ்சள் நீராட்டு முடிகிற வரைக்கும் இனி ஊர் உறங்காது. நோம்பி என்றால் பாட்டுக் கச்சேரி உண்டு, பாட்டுக் கச்சேரி என்றால் மேடையின் ஓரத்தில் ஒரு கிட்டார் உண்டு. பாடுகிறவரையும் கீபோர்டுக்காரரையும் பார்க்கிற கூட்டம் அந்த ஓரத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. இந்த இதழில் நாம் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

சிறப்புப் பகுதிக்காகக் கொங்கு வட்டாரக் கிட்டார் கலைஞர்கள் பலரிடம் ஒரே கேள்வியைக் கேட்டோம். உலகமே கொண்டாடுகிற பெடல்களில் உங்கள் வாசிப்புக்கு மட்டும் ஒத்துவராமல் போனது எது? “உங்களுக்குப் பிடித்த பெடல் எது?” என்று கேட்டிருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இந்தக் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். பலரும் இதை வெகு நாளாக மனத்துக்குள் வைத்திருந்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

வந்த பதில்களில் இரண்டு குரல்கள் மாறி மாறிக் கேட்டன. “அத்தனை பெரிய ஆளுக வாசிக்கறாங்க, எனக்குத்தான் கை பத்தலையோ என்னமோங்க” என்பது ஒன்று. “சும்மா பேருங்க, உள்ள ஒண்ணுமில்லீங்க” என்பது மற்றொன்று. இரண்டையும் மதித்து வெளியிட்டிருக்கிறோம். ஆனால் எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அந்தப் பெடல்களின் புகழ் பொய்யல்ல, நம் கலைஞர்களின் கையிலும் குறையில்லை. புகழ் பிறந்த இடம் வேறு, நாம் வாசிக்கிற இடம் வேறு. இந்தப் பக்கத்தில் அதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

கிட்டார் பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பெடல் என்பது கையடக்கமான உலோகப் பெட்டி. கிட்டாரிலிருந்து வரும் வயர் அதற்குள் போய் வெளியே வரும். காலால் மிதித்தால் உள்ளே இருக்கும் மின்சுற்று ஒலியை மாற்றும். சிலது ஒலியைக் கரகரப்பாக்கும், சிலது எதிரொலி சேர்க்கும், சிலது ஒரே கிட்டாரைப் பல கிட்டார் போலக் காட்டும். பெரும்பாலானவை 9 வோல்ட்டில் ஓடும். இத்தனையும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் நம் மேடைகளில் அதற்குப் பிராசசர் என்று பெயர்.

முதலில் அந்த வயர் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். கரகரப்புப் பெடல்களைப் புகழ்ந்தவர்கள் அநேகமாக எல்லாரும் அவற்றை வால்வு ஆம்ப்ளிபயரில் செருகி, 12 அங்குல ஸ்பீக்கர் வழியாகக் கேட்டவர்கள். கிட்டாருக்கென்று செய்த அந்த ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியை அவ்வளவாக வெளியே விடாது. பெடல் உண்டாக்கும் பிசிறுகளில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும், காதுக்கு வருவது வழவழப்பான மீதிதான். நம் திருவிழா மேடையில் ஆம்ப்ளிபயர் அபூர்வம். பெடலிலிருந்து வயர் நேராக மிக்ஸருக்குப் போகும், அங்கிருந்து மைக்செட் பெட்டிகளுக்குப் போகும். பாடகரின் குரலில் உள்ள ச, ஷ எல்லாம் தெளிவாகக் கேட்கவேண்டும் என்று செய்த பெட்டிகள் அவை. 15,000 ஹெர்ட்ஸ் வரை எதையும் மறைக்காமல் கொட்டிவிடும். அமெரிக்க இசைத்தட்டில் தேனாக ஒழுகிய அதே பெடல் இங்கே பிசிறடிப்பது இதனால்தான். மிக்ஸரில் உட்கார்ந்திருக்கும் அண்ணன், “தம்பி, அதக் கழட்டிப் போட்டு நேரா குடுங்க, பாட்டுக் கேக்கோணுமுங்க” என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. கல்லூரி நாட்களில் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தவன் நான். இந்த வாக்கியத்தைப் பல ஊர்களில், பல குரல்களில் கேட்டிருக்கிறேன்.

கரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடையைச் சுற்றிச் சீரியல் செட், பின்னால் ஜெனரேட்டர், எர்த் இல்லாத பிளக். தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற கிட்டாரின் பிக்கப் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். கரகரப்புப் பெடல் முதலில் செய்கிற வேலை, வருகிற எதையும் பல மடங்கு பெருக்குவது. வாசிப்பை மட்டும் பெருக்கு, இரைச்சலை விடு என்று அதனிடம் சொல்ல முடியாது. அமைதியான ஸ்டுடியோவில் பெயர் வாங்கிய பெடல், சாமி புறப்பாட்டுக்கு முன்னால் வேறொரு குணத்தைக் காட்டும்.

பட்டியலில் அதிகம் பேர் குறிப்பிட்டது ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர். பச்சை நிறப் பெட்டி. ஜப்பானில் மேக்ஸான் நிறுவனத்தின் சுசுமு தமுரா வடிவமைத்தது. டி.எஸ்.808 என்ற முதல் மாதிரி எழுபதுகளின் கடைசியிலும், டி.எஸ்.9 என்ற அடுத்தது 1982 வாக்கிலும் வந்தன. டெக்சாஸின் ஸ்டீவி ரே வான் அதை மிதித்து வாசித்த பிறகு ப்ளூஸ் கலைஞர்களுக்கு அது தவிர்க்கமுடியாத கருவியாகிவிட்டது. அந்தச் சுற்று ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்தைக் குறைத்து, நடுப்பகுதியை எடுப்பாக்கும். வான் வாசித்த ஃபெண்டர் ஆம்ப்ளிபயர்களில் நடுப்பகுதி இயல்பாகவே சற்றுப் பள்ளம். பள்ளத்தை இது நிரப்பியது, ஏற்கெனவே உச்சத்தில் கொதித்துக்கொண்டிருந்த வால்வுகளை இன்னும் ஒரு தள்ளு தள்ளியது. ஆகவே அந்தப் புகழ் பெடலுக்கும் ஆம்ப்ளிபயருக்கும் சேர்த்துக் கிடைத்தது. ஆம்ப்ளிபயரே இல்லாத மேடையில் பெடல் மட்டும் என்ன செய்யும்? அடியில் கனம் போய், மூக்கடைத்த குரலில் பேசும்.

இன்னொரு காரணம் நாம் வாசிக்கிற பாட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த ஆர்கெஸ்ட்ரா கிட்டார் கலைஞரையும் ரசிகர்கள் நிறுத்தி எடைபோடுவது ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வில்தான். இளையராஜா இசையில் கிட்டார் கலைஞர் சந்திரசேகர் வாசித்த பகுதிகள் அவை. சுரங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து விழவேண்டும், விழுந்த பிறகு ஒன்றன்மேல் ஒன்று தங்கவும் வேண்டும். கரகரப்புப் பெடலுக்குள் இரண்டு சுரம் ஒன்றாகப் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய ஒலிகள் பிறக்கும். ஸ–ப ஜோடி என்றால் பெரிய தொல்லை இல்லை, ராக் இசையில் அந்த ஜோடியையே அதிகம் வாசிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ–க என்றால் கதை வேறு. கிட்டாரின் சமபங்குச் சுருதியில் அந்தர காந்தாரம் அதன் இயல்பான இடத்தைவிட, ஓர் அரைச் சுரத்தை 100 பங்காக்கினால் சுமார் 14 பங்கு மேலே நிற்கிறது. பஞ்சமத்தின் பிசகு 2 பங்குதான். சாதாரணமாகக் காது மன்னித்துவிடும் அந்த 14 பங்கைக் கரகரப்புப் பெடல் பூதாகரமாக்கிக் காட்டும். நம் சினிமாப் பாட்டுகளின் கார்டுகளில் காந்தாரமும் நிஷாதமும் இல்லாமல் ஒரு வரி நகராது. ராக் கலைஞர்கள் மெச்சிய பெட்டி இங்கே கூழாக்குவதற்கு இந்தக் கணக்கே போதும்.

அடுத்தது பிக் மஃப். நியூயார்க்கில் மைக் மேத்யூஸின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1969 வாக்கில் கொண்டுவந்தது. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் ‘தி வால்’ (1979) காலத்தில் அதை வாசித்ததைக் கேட்டவர்கள் யாரும் வாங்காமல் இருக்க மாட்டார்கள். வீட்டில் தனியாக வாசித்தால் அறை முழுவதும் நிறையும். மேடையில் பேண்டோடு சேர்ந்ததும் காணாமல் போகும். அதன் டோன் சுற்று 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியில் பள்ளம் பறிக்கிறது. கிட்டாரின் முகம் இருப்பதே அந்த இடத்தில்தான். கீபோர்டு, பாடகர், கோரஸ் பாடுகிற பெண்கள் எல்லாரும் அந்த இடத்தில் நெரிசலாக நிற்கும்போது, தன் முகத்தைத் தானே மறைத்துக்கொண்ட கிட்டாரை யார் கண்டுபிடிப்பார்கள்? கில்மோரின் பாட்டில் அந்தத் தனி வாசிப்புக்கென்று மற்றவர்கள் இடம் விட்டு நின்றார்கள். நம் மேடையில் பிட், அதாவது பாட்டின் இடையிசை, வாசிக்கக் கிடைப்பது நாலு பார், அதையும் கீபோர்டோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

ஃபஸ் ஃபேஸ் பற்றி ஒருவர் எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் 1966இல் வெளியிட்ட வட்டமான பெடல் அது. ஜிமி ஹென்ட்ரிக்ஸால் உலகப் புகழ் பெற்றது. ஆரம்பகாலப் பெட்டிகளில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் அதனுள் கசியும் மின்னோட்டம் இரட்டிப்பாகும், ஒலி மெலிந்தும் திக்கியும் வரும். லண்டன் குளிரில் பிறந்த இந்தப் பெட்டியைச் சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஈரோட்டு வெயிலில், தகரப் பந்தலின் கீழ் வைத்தால் என்ன ஆகும்? “ஊட்டியில கச்சேரின்னா மட்டும் எடுத்துட்டுப் போவேனுங்க” என்று முடித்திருக்கிறார் அந்த நண்பர். பிற்காலத்தில் வந்த சிலிக்கான் மாதிரிகள் வெயிலைத் தாங்கும், ஆனால் அவற்றின் ஒலி வேறு. பழைய ஒலிதான் வேண்டும் என்கிறவர்கள் பருவம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

இப்போது நான் மேடை ஏறுவதில்லை. மாலை வேளையில் வீட்டில் உட்கார்ந்து ராகங்களைக் கிட்டாரில் தேடிக்கொண்டிருக்கிறேன். அங்கே எனக்கு ஒத்துவராதது கோரஸ் பெடல். ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1976இல் சி.இ.1 என்ற பெயரில் இந்த வகையைத் தொடங்கிவைத்தது. வருகிற ஒலியின் நகலொன்றைச் சில மில்லி செகண்டு பின்தள்ளி, அந்தப் பின்தள்ளலைச் சற்றே கூட்டிக் குறைத்து, மூலத்தோடு கலக்கும். நகலின் சுருதி மெல்ல ஏறி இறங்குவதால் ஒரு கிட்டார் பலவாகத் தோன்றும். கார்டுகளுக்கு அது அழகு. எண்பதுகளின் பாப் இசையையே அந்தப் பளபளப்பை வைத்து அடையாளம் சொல்லிவிடலாம். தோடியின் காந்தாரத்தை வாசித்துப் பாருங்கள். அந்தச் சுரம் நிற்பதே அசைவில்தான். அந்த அசைவுக்கு ஓர் அளவும் வேகமும் உண்டு, கேட்டுக் கேட்டுத்தான் அது கையில் ஏறும். அதன்மேல் இயந்திரம் தன் கணக்குக்கு இன்னோர் அசைவைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். எதிரொலிப் பெடலும் இப்படித்தான். கமகத்தில் விட்டுவந்த சுரம் திரும்பி வந்து அடுத்த சுரத்தின் மேல் உட்காரும்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. எண்பதுகளில் சிறுவனாகச் சென்னை மேடைகளை வசப்படுத்திய அவர் கையில் இருந்தது மின் மாண்டலின். வழக்கமான மாண்டலினில் எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடிகள். மீட்டியதும் ஒலி சட்டென்று ஓய்ந்துவிடும், ஜோடித் தந்தியை இழுத்துக் கமகம் வாசிப்பதும் கடினம். அவர் ஜோடிகளை விட்டு ஒற்றைத் தந்திக்கு வந்தார், பின்னர் ஐந்து தந்தியாக்கிக்கொண்டார். ஒலி நீள்வதற்கு மின்சாரத்தின் உதவியை எடுத்துக்கொண்டார். உலகம் மெச்சிய மாண்டலின் தன் சங்கீதத்துக்கு எங்கே போதவில்லை என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் மாற்றினார். மாண்டலினையும் குறை சொல்லவில்லை, கர்நாடக இசையையும் சுருக்கிக்கொள்ளவில்லை. மின் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவைக் கேட்டவர்களுக்கும் இது விளங்கும். தந்தியை அமுக்குவது, இழுப்பது, வழுக்குவது என்று கமகத்துக்கான வேலை முழுவதையும் அங்கே விரல்தான் செய்கிறது.

விலை உயர்ந்த புகழைப் பற்றியும் ஒரு பத்தி சொல்ல வேண்டும். க்ளான் சென்டார் என்ற பெடலை அமெரிக்காவில் பில் ஃபின்னகன் என்பவர் 1994இலிருந்து தன் கையாலேயே செய்து விற்றார். மொத்தம் சுமார் 8,000 பெட்டிகள்தான். யாரும் நகலெடுக்கக் கூடாதென்று உள்ளே கருப்புப் பிசினை ஊற்றி மூடினார். தயாரிப்பு நின்ற பிறகு பழைய பெட்டிகள் பல லட்ச ரூபாய்க்குப் போகின்றன. நகல்களும் வந்துவிட்டன, சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவரின் தயவில் அசலை ஒரு மாலை வாசித்துப் பார்த்தேன். என் சின்னப் பயிற்சி ஆம்ப்ளிபயரில் ஒலி சற்றுத் தெளிந்தது, கொஞ்சம் முன்னால் வந்தது, அவ்வளவுதான். அதற்கும் காரணம் உண்டு. சுத்தமான ஒலியோடு அளவான கரகரப்பைக் கலந்து, பெரிய வால்வு ஆம்ப்ளிபயரைத் தூண்டிவிடுவதில்தான் அதன் திறமை இருக்கிறது. தூண்டிவிட என் அறையில் வால்வே இல்லை. ஃபின்னகன் பிற்பாடு கொண்டுவந்த கே.டி.ஆர். என்ற பெடலின் முகத்திலேயே, இந்த மிதமிஞ்சிய ஆரவாரம் தன் வேலை அல்ல என்ற பொருளில் ஒரு வரியை அச்சிட்டுவிட்டார். செய்தவரே கைகழுவிய ஆரவாரத்துக்கு நாம் ஏன் தலை குனிய வேண்டும்?

இன்னும் சுவாரசியமான விஷயம், புகழ்பெற்ற பெடல்களில் சில பிறந்தபோது அவற்றின் இடம் எது என்று அவற்றைச் செய்தவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றை நாஷ்வில்லில் பதிவுசெய்தபோது மிக்ஸரில் ஒரு பகுதி பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கரகரத்தது. ஒலிப்பொறியாளர் க்ளென் ஸ்நாடி அந்தப் பழுதையே ஒரு சுற்றாக வடித்தார், 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று கடைக்கு வந்தது. கிட்டாரை ஊதுவாத்தியம் போலவும் செல்லோ போலவும் ஒலிக்கவைக்கும் என்று சொல்லி விற்றார்கள். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ்கூட ஒரு பாட்டில், பின்னால் சேர்க்கப்போகும் ஊதுவாத்தியங்களுக்கு மாதிரியாகத்தான் அதை வாசித்தார். ஊதுவாத்தியம் சேராமலே பாட்டு வெளியானது, பெடல் உலகப் புகழ் பெற்றது. 1966இல் உருவான வா-வா பெடலுக்கும் இதே கதைதான். ஊதுவாத்தியத்தை மனத்தில் வைத்து விற்கப் பார்த்தார்கள், க்ளைட் மெக்காய் என்ற ட்ரம்பெட் கலைஞரின் பெயரைச் சூட்டினார்கள். அதன் வீடு கிட்டாரின் காலடியில் இருந்தது.

தலைகீழான கதையும் உண்டு. பாஸ் நிறுவனம் 1983இல் வெளியிட்ட எச்.எம்.2 ஹெவி மெட்டல் பெடலை வாங்க ஆளில்லாமல் 1991இல் நிறுத்தினார்கள். ஆனால் ஸ்வீடனில் சில இளைஞர்கள் அதன் நான்கு குமிழ்களையும் முழுதாகத் திருகிவைத்து வாசித்தார்கள். எண்டூம்ட் குழுவின் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ (1990) இசைத்தட்டில் அந்த ஒலி ஒரு புதிய இசை வகைக்கே முத்திரையானது. மற்றவர்கள் ஒதுக்கிய பெட்டிக்கு அவர்கள் கையில் வாழ்வு கிடைத்தது.

காங்கேயம் காளையைப் பெற்ற மண் இது. உழவுக்கும் வண்டிக்கும் அதற்கு ஈடில்லை என்று பேர். அதற்காகப் பால் வியாபாரத்துக்குக் காங்கேயம் மாட்டை வாங்கிக் கட்டிவிட்டு, சொம்பு நிறையவில்லையே என்று யாரும் இங்கே குறைப்பட மாட்டார்கள். எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் எது நல்லது என்று பேசுவார்கள். மாட்டுச் சந்தையில் இயல்பாக இருக்கிற இந்த விவேகம் கருவிகளைப் பற்றி எழுதுகிறபோது எங்களைப் போன்ற பத்திரிகைகளுக்கு நழுவிவிடுகிறது. ‘சிறந்த பத்து’ என்று தலைப்புப் போடுவது சுலபம். அந்தப் பத்தும் யாருக்கு, எந்த மேடையில் சிறந்தவை என்று சொல்வதற்குக் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

அதனால் இந்த இதழிலிருந்து ஒரு முறை வைத்துக்கொள்கிறோம். இனி எங்கள் கருவி விமர்சனம் எதுவாக இருந்தாலும் தொடக்கத்திலேயே நான்கு தகவல்கள் இருக்கும். எந்தக் கிட்டார், என்ன பிக்கப். வயர் போய்ச் சேர்ந்தது ஆம்ப்ளிபயரிலா மிக்ஸரிலா. வாசித்தது எந்த மாதிரிப் பாட்டு. கேட்டது அறையிலா, அரங்கிலா, திறந்த மைதானத்திலா. விமர்சகர் எவ்வளவு பெரியவரானாலும் இந்த நான்கும் இல்லாமல் அவர் கட்டுரை அச்சுக்குப் போகாது. ‘சிறந்த பத்து’ பட்டியல்களையும் நிறுத்துகிறோம். விளம்பரப் பகுதி நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு சரி என்றார்கள்.

சிறப்புப் பகுதியில் கலைஞர்களின் பதில்களோடு, பெடல் இல்லாமல் மிக்ஸரிலேயே கிட்டார் ஒலியைச் சீராக்குவது எப்படி என்று அனுபவமுள்ள மைக்செட்காரர் ஒருவர் படம் போட்டு விளக்கியிருக்கிறார். பெடல் வாங்கும் எண்ணத்தில் இருக்கும் இளைஞர்கள் அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகட்டும். கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள், நீங்கள் மேடையில் வாசிக்கிற பாட்டையே வாசித்துப் பாருங்கள். கடைக்காரர் நல்லவராக இருந்தால் ஆம்ப்ளிபயரை விட்டு ஒரு சாதாரண மிக்ஸரில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கி அலமாரியில் தூங்குகிற பெடல் இருந்தால் அதை ஒரு மெட்டல் இசைக்காரத் தம்பியிடமோ ப்ளூஸ் வாசிக்கிற நண்பரிடமோ கொடுத்துப் பாருங்கள். உங்களிடம் பேசாதது அவரிடம் பேசலாம்.

இனி உங்கள் முறை. கிட்டார்தான் என்றில்லை. தவில், நாகஸ்வரம், உடுக்கை, கீபோர்டு, ஏன், தையல் மெஷினும் கேமராவும்கூட இருக்கலாம். ஊர் மெச்சிய கருவி உங்களுக்கு ஒத்துவராத கதையை எழுதி அனுப்புங்கள். அந்த நான்கு தகவல்களைப் போல, எந்த வேலைக்கு, எந்த இடத்தில், எதோடு சேர்த்துப் பயன்படுத்தினீர்கள் என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். ‘மோசம்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிகிற கடிதங்களை வெளியிட மாட்டோம். அதன் பிறகு உங்கள் கைக்கு எது பொருந்தியது என்பதையும் சேர்த்து எழுதினால் முன்பக்கத்திலேயே போடுவோம்.

நோம்பி வாழ்த்துகள். கச்சேரிக்குப் போனால் பிட் முடிந்ததும் மேடையின் ஓரத்தில் நிற்கும் கிட்டாருக்கும் ஒரு கைதட்டு கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்